கவர் மாற்றிய முகூர்த்தப் பட்டு

போன மாதம் எங்கள் கடையில் ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. எங்கள் கடை என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. ஓய்வு என்பதும் பெரிய வார்த்தை. மூட்டு போய்விட்டது, மாடி ஏற முடியவில்லை, நின்றுவிட்டேன். உத்திரமேரூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள் என்று பழைய பாசத்தில் கூப்பிட்டார்கள். போனேன்.

வகுப்பு எடுத்தவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். டை கட்டியிருந்தார். எங்கள் ஊர் வெயிலில் டை கட்டியவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வராது, தாகம்தான் வரும். ஜனநாயகம் பிறந்த ஊர் என்று பத்து நிமிஷம் எங்களைப் புகழ்ந்தார். குடவோலைத் தேர்தல் பற்றிய கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. கடைக்குள் யாரும் ஓட்டுப் போட்டு எதையும் முடிவு செய்ததில்லை. அதற்குப் பிறகு பலகையில் ‘ஆட்டிட்யூட்’ என்று எழுதி, சொன்னபடி கேட்காத ஊழியரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று வட்டமும் அம்புக்குறியும் போட்டார். கடைசியில், “மேடம் ரொம்ப சீனியர், ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்று என்னை எழுப்பிவிட்டார்.

நான் சொன்னது இதுதான்: “அடங்காத ஆளை வேலைக்கு வைங்க. அடங்கினதெல்லாம் புடவையை மடிக்கத்தான் லாயக்கு, விக்கறதுக்கு இல்ல.” அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “யக்கா, நீ இன்னாவோ சொல்ல வந்தியே, அத்த சொல்லுக்கா” என்றார்கள். படிக்கட்டில் நின்று சொல்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் வேலையில் சேர்ந்தேன். பத்தாவதில் கணக்கு போய்விட்டது. திருப்புலிவனத்திலிருந்து டவுன் பஸ். முதலில் மடிப்பு, அப்புறம் ஜாக்கெட் துணி, அப்புறம் வாயில் புடவை, பத்து வருஷம் கழித்து மாடியில் பட்டு. இதில் சொல்ல ஒன்றும் இல்லை. கால் வலித்தது. சூப்பர்வைசர் ஆனபோது ஒரு சாவிக்கொத்தும் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார்கள்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு ஊழியரை நேருக்கு நேர் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவர் திட்டியது பொம்மையை. மாடிப்படி ஏறியதும் ஒரு பெண் பொம்மை நிற்கும், மூக்கு உடைந்தது, எந்நாளும் ஏதாவது ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு. கோபம் வந்தால் அதன் எதிரில் போய் நிற்பார்.

“ஏம்மா, ஒன்பது மணிக் கடைக்கு ஒன்பதேகாலுக்கு வர்றியே, வீட்ல யானை கட்டித் தீனி போடறியா?”

யாரைச் சொல்கிறார் என்று கடை முழுக்கத் தெரியும். அந்தப் பெண் முகம் சிவந்து புடவையை மடித்துக்கொண்டிருப்பாள். பதில் சொல்ல முடியாது. யாராவது வாயைத் திறந்தால், “உன்னையா சொன்னேன்? பொம்மையைத்தானே சொன்னேன்?” என்பார். அந்தப் பொம்மை வாங்கிய திட்டுக்கு, அது மனுஷியாக இருந்திருந்தால் என்றைக்கோ வேலையை விட்டுப் போயிருக்கும்.

அவர் திட்டாததால் திட்டுகிற வேலை எனக்கு வந்தது. அதை நான் நன்றாகவே செய்தேன்.

கடையில் தண்டனைக்கு மூன்று படி உண்டு. சொன்னபடி கேட்காதவரை முதலில் சூப்பர்வைசர் திட்ட வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒரு வாரம் குடோன். மூட்டை பிரிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, தூசி தின்பது. அதற்கும் மசியவில்லை என்றால் விளக்கக் கடிதம். அதற்கென்று ஒரு நீளமான நோட்டு இருந்தது. யாரும் பக்கத்தைக் கிழித்துவிடக் கூடாது என்று முதலாளியே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில் எண் போட்டிருந்தார். தப்புச் செய்தவர் தன் கைப்பட எழுத வேண்டும். அதன் கீழே சூப்பர்வைசர் ‘மேற்கண்டது உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கடிதம் சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இந்த நோட்டைப் பார்த்து யாரும் திருந்தவில்லை. முந்தைய ஆள் எழுதியதைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பார்கள். பட்டு மாடியில் தேவகி என்று ஒருத்தி, வாடிக்கையாளர் இருக்கும்போது வேர்க்கடலை தின்றதற்காக எழுத உட்கார்ந்தாள். முன்பக்கத்தில் வேட்டி செக்‌ஷன் ஆள் ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்து, ‘இனிமேல் பணி நேரத்தில் பீடி குடிக்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் படிக்காமல் ‘மேற்கண்டது உண்மை’ என்று போட்டேன். முதலாளி படிக்காமல் தன் கையெழுத்தைச் சுழித்தார். அதிலும் பொய் இல்லை. தேவகி அதற்குப் பிறகு பீடி பிடித்ததே இல்லை.

காலையில் எல்லோருடைய போனையும் ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வைப்போம். பேன்ட் செக்‌ஷனில் ஒருவன் செத்துப்போன போனை டின்னில் போட்டுவிட்டு உயிருள்ளதை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்தது. அவன் ஒரு பெரியவருக்கு பேன்ட் காட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் நின்று அவன் நம்பருக்கே போட்டேன். இடுப்பில் பாட்டு வந்தது. பெரியவர், “எடு நைனா, வூட்லேர்ந்து வந்துக்கினு இருக்கும்” என்றார். அவனை நான் கடிதம் எழுத வைக்கவில்லை. ஒரு மாசம் அந்த டின்னுக்கு அவனையே காவல் போட்டேன். அந்த ஒரு மாசம் ஒரு செத்த போன்கூட டின்னுக்குள் விழவில்லை. எல்லாத் தந்திரமும் அவனுக்குத் தெரியுமே.

இப்படி எல்லாரையும் எனக்கு சமாளிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் விஷயத்தில்தான் நான் எவ்வளவு பெரிய கோழை என்பது எனக்குத் தெரிந்தது.

எஸ்தர் சாலவாக்கம் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆறு வருஷமாகப் பட்டு மாடியில் இருந்தாள். நல்ல உயரம். எங்கள் தொழிலில் பட்டுப்புடவையைப் பிரித்துக் கையில் காட்டினால் விற்காது. விற்கிற பெண் தன் மேல் போட்டுக் காட்ட வேண்டும். கொசுவத்தை நொடியில் பிடித்து இடுப்பில் கிளிப் போட்டு, முந்தியைத் தோளில் வீசி எஸ்தர் நின்றாள் என்றால் சுமாரான புடவைக்கும் கல்யாணக் களை வந்துவிடும். மாடியில் விற்கிற முகூர்த்தப் பட்டில் பாதி அவள் தோளில் இருந்து போனதுதான்.

ஆனால் திமிர் என்று பெயர். ‘சாரி’ என்ற வார்த்தை அவள் வாயில் வராது. சிரித்த முகமாக இரு என்று சொன்னால், “பொடவ நல்லா கீது, அவுங்க வாங்குவாங்க. நடுவுல நான் எதுக்குக்கா சிரிக்கணும்?” என்பாள். ஒரு அம்மா கல்யாணப் பெண்ணுக்குக் கிளிப்பச்சையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றபோது, “எட்த்துக்கோங்க. பொண்ணுக்கு இல்ல, ஒங்களுக்கு” என்றாள். அந்த அம்மா இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

நோட்டில் அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடிதம் இருந்தது. ஒன்று, கால் வலிக்கிறது என்று புடவை விரித்துக் காட்டுகிற மெத்தையில் உட்கார்ந்ததற்கு. இன்னொன்று, முதலாளியின் அக்காவிடம், “இந்த ஜாக்கெட் துணி ஒங்களுக்குப் பத்தாதும்மா” என்று சொன்னதற்கு. பத்தவும் இல்லை. மூன்றாவது கடிதம் எழுதினால் வேலை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். தங்கச்சி ஏனாத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நிலையான சம்பளம் இவளுடையது ஒன்றுதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடை திறந்ததும் இரண்டு வேனில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். வெள்ளியில் பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முகூர்த்தப் புடவையை எடுத்து, ஓரத்தில் குங்குமம் வைத்துவிட வேண்டும். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு எஸ்தரைத்தான் நிறுத்துவோம்.

ஏழாவது புடவை மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். எஸ்தர் மேலே போட்டுத் திரும்பினாள். அதுவரை வாயே திறக்காத கல்யாணப் பெண் எழுந்து வந்து முந்தியைத் தொட்டு, “இதும்மா” என்றாள். அம்மா குங்குமச் சிமிழை எடுத்தார். மணி பத்து.

அப்போதுதான் பெண்ணின் பெரியம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கீழே காபி குடித்துவிட்டு வருகிறார். புடவையைப் பார்த்தார், அப்புறம் எஸ்தரைப் பார்த்தார்.

“ஏ, நீ சாமுவேல் பொண்ணு இல்ல?”

“ஆமாம்மா.”

“இங்கதான் வேல செய்றியா?”

“ஆறு வருஷமா இங்கதாம்மா கீறேன்.”

அதற்கு மேல் பெரியம்மா அவளிடம் பேசவில்லை. தன் தங்கச்சி, பெண்ணின் அம்மா பக்கம் திரும்பினார். “இன்னாடி இது? மணவறைல கட்ற பொடவைய காலனிப் பொண்ணு மேல போட்டுப் பாத்துக்கினு கீறீங்க? வோணாம். வேற எடுங்க. பிரிக்காத புதுசு. வேற யாரையாச்சும் காட்டச் சொல்லு.”

“எனக்கு இதான் பெரீம்மா புட்ச்சிருக்கு” என்றாள் பெண்.

“புட்ச்சிருந்தா இன்னா? இதே மாரி உள்ள வேற இருக்கும். கொண்டாருவாங்க.”

பெண்ணின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி படிக்கட்டுப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பொம்மை எதிரில் போய் நின்றார்.

“ஏம்மா, கஸ்டமர் முகம் சுளிக்கறாங்க, இன்னும் அங்கேயே நிக்கறியே? கொஞ்சம் நகர்ந்தா என்ன?”

பொம்மை நகரவில்லை. நான்தான் நகர்ந்தேன். மெத்தை மேல் ஏறி எஸ்தர் தோளிலிருந்து புடவையை எடுத்தேன். இதை யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. என் அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவளும் பெரியம்மா சொன்னதையேதான் சொல்லியிருப்பாள். எனக்கு அது புதுசாகவும் தெரியவில்லை, கொடுமையாகவும் தெரியவில்லை. ராகு காலத்துக்குள் காரியம் முடிய வேண்டும், அதுதான் தெரிந்தது.

“குடோனுக்குப் போ” என்றேன்.

“இன்னாத்துக்குக்கா?”

“போன்னா போ. அப்புறம் பேசிக்கலாம்.”

“இப்பவே பேசு. இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு, போறேன்.”

“எதிர்த்துப் பேசாதடி.”

“எங்க எதுத்துப் பேசறேன்? கேட்டுக்கினு தானே கீறேன்.”

போகவில்லை. இடுப்பில் கிளிப்போடு மெத்தையின் ஓரத்தில் அப்படியே நின்றாள்.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். கைத்தறிப் பட்டில் அதே நிறம், அதே பார்டர், அதே முந்தி இன்னொன்று இருக்காது. ஒன்றே ஒன்றுதான். ஆனால் தினம் யாராவது ‘பிரிக்காத புதுசு’ கேட்பார்கள். அதற்கு எல்லாக் கடையிலும் ஒரே வைத்தியம்தான். காட்டிய புடவையையே உள்ளே எடுத்துக்கொண்டு போய், இஸ்திரி போட்டு, புதுக் கவரில் நுழைத்து, புதுப் பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவருவது. நான் அதை நூறு தடவை செய்திருப்பேன். முதலாளி என்னைப் பார்த்தார். அவர் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

பத்து நிமிஷத்தில் மாம்பழ மஞ்சளைக் கவர் மாற்றி, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தேன். தேவகியை மேலே போட்டுக்கொள்ளச் சொன்னேன். எஸ்தர் கிளிப் போட்ட இடத்தில் ஒரு சின்னத் தடம், இஸ்திரிக்கும் மசியாமல் இருந்தது. கல்யாணப் பெண் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலால் மடிப்பை இழுத்து அதை மறைத்தாள். அவளுக்கு வேண்டியது அந்தப் புடவை.

பெரியம்மா முந்தியை இழுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

“இதான் புதுசு. வாசனையே சொல்லுதே.”

அது எங்கள் குடோன் இஸ்திரிப் பெட்டியின் வாசனை.

எஸ்தர் சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை, வாய்விட்டு. ஆறு வருஷமாக சிரி சிரி என்று தலையால் அடித்துக்கொண்டோம், அன்றைக்குத்தான் சிரித்தாள்.

“இன்னாடி சிரிப்பு?” என்று பெரியம்மா திரும்பினார்.

“ஒண்ணுமில்லம்மா. நல்ல வாசன” என்றாள் எஸ்தர்.

முதலாளி குறுக்கே விழுந்து குங்குமம் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். பத்து இருபத்தைந்து. அவர்கள் பில் போடக் கீழே இறங்கியதும் முதலாளி பொம்மையிடம், “நோட்டை எடுத்துக் கொடு, எழுதட்டும்” என்றார். அவ்வளவுதான். மூன்றாவது கடிதம்.

குடோனில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து எஸ்தர் எழுதினாள். யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. அவள் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்.

‘இன்று காலை முகூர்த்தப் புடவையை என் மேல் போட்டுக் காட்டினேன். பெண்ணுக்குப் பிடித்தது. பெண்ணின் பெரியம்மா என் ஊர். நான் காலனி என்பதால் வேறு புடவை கேட்டார். வசந்தா அக்கா அதே புடவையைக் கவர் மாற்றிக் கொண்டுவந்தார். பெரியம்மா அதை மோந்து பார்த்துப் புதுசு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.’

நோட்டை அவள் பக்கமே தள்ளினேன்.

“ஏய், உனக்கு பைத்தியமா? மரியாதைக் குறைவா நடந்துகிட்டேன், மன்னிக்கவும்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போயேன். நான் பேசி சரி பண்றேன்.”

“எதுனா பொய்யா கீதா? சொல்லுக்கா, அட்ச்சிடறேன்.”

“பொய்யின்னு நான் சொன்னேனா?”

“அப்போ இன்னா? தேவகி மாரி, பீடி குடிக்க மாட்டேன்னு எயுதணுமா?”

“வேலை போய்டும்டி.”

“தெரியும்க்கா. தங்கச்சிக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு கீது. அத்த நென்ச்சிக்கினு தான் இவ்ளோ கம்மியா எயுதினேன்.”

பேனாவை என்னிடம் நீட்டினாள்.

மூட்டை மேல் அவள் சாப்பாட்டு டப்பா இருந்தது. பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருத்தி குழம்பை இன்னொருத்தி எடுத்துக்கொள்வோம். எஸ்தர் டப்பாவில் நான் கை வைத்ததே இல்லை என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஆறு வருஷம் தானாகவே நடந்திருக்கிறது. அவளுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பெரியம்மா மேல் பாதி, என் மேல் பாதி. ஆத்திரத்தில்தான் செய்தேன், தைரியத்தில் இல்லை. ‘மேற்கண்டது உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டில் நான் படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

முதலாளி அறையில் நோட்டைப் படித்தார். மறுபடி படித்தார். பக்கத்தில் பொம்மை இல்லை. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“வசந்தா, என்ன இது?”

“நடந்ததுங்க.”

“கிழிச்சுட்டு வேற எழுதச் சொல்லு.”

“நம்பர் போட்டிருக்கீங்களே.”

சிவப்பு எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். அழியவில்லை.

“சரி, அவளை நிறுத்திடு. மூணு கடிதம் ஆச்சு.”

“நிறுத்தினா, எதுக்கு நிறுத்தினீங்கன்னு நாளைக்கு யாராவது கேப்பாங்க. நோட்டைத்தான் காட்டணும். கவர் மாத்தினது நான். என்னைக் கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

“மிரட்டறியா?”

“ஆமாங்க.”

எனக்கே குரல் வேறு யாருடையது போல இருந்தது. அவர் எழுந்து வெளியே போய் பொம்மை எதிரில் நின்றார். அதனிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் எஸ்தர் வேலை தப்பியது. ஆனால் பட்டு மாடி போயிற்று. கீழ்த்தளத்தில் நைட்டி செக்‌ஷன். ஆள் உயரமும் வேண்டாம், தோளும் வேண்டாம், கம்பியில் மாட்டிவிட்டு நிற்கிற வேலை. எனக்கு, முதலாளியை எதிர்த்துப் பேசியதற்காக, என் வாழ்க்கையில் முதல் விளக்கக் கடிதம். ‘எதிர்த்துப் பேசினேன்’ என்று ஒரே வரி எழுதினேன். கீழே ‘மேற்கண்டது உண்மை’ என்று போட சூப்பர்வைசர் வேறு யாரும் இல்லாததால் தேவகியைப் போடச் சொன்னார்கள். அவள் ரசித்துப் போட்டாள்.

எஸ்தர் எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நானே போய், “எப்படியோ நல்லபடியா முடிஞ்சுது” என்றேன்.

“யாருக்குக்கா?” என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பு வாசனை. கரண்டியை அவள் டப்பா பக்கம் நீட்டினேன். மூடியைப் போட்டு மூடினாள்.

“ஆறு வருஷம் கயிச்சி இப்பத்தான் பசிக்குதா?”

மற்ற பத்துப் பெண்களும் குனிந்து சாப்பிட்டார்கள். நானும் என் சோற்றைச் சாப்பிட்டேன். இதைத்தான் டை கட்டியவர் அம்புக்குறி போட்டு ‘அவமரியாதை’ என்பார். எனக்கு அது நியாயமான பதிலாகத்தான் பட்டது. எரிந்தது, அது வேறு.

தை பிறந்தது. கல்யாணக் கூட்டம் குவிந்தது. மாடியில் தேவகி போட்டுக் காட்டினால் எந்தப் புடவையும் கொடியில் காய்வது போலவே இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள், “அந்த ஒசரப் பொண்ணு எங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவது கூட்டம் வெறுங்கையோடு இறங்கியதும் முதலாளி பொம்மையிடம் போனார்.

“மேல ஆள் பத்தலேன்னா, கீழ இருக்கறவங்களைக் கூப்பிட்டுக்க வேண்டியதுதானேம்மா? இதையும் நான் சொல்லணுமா?”

நான் கீழே இறங்கினேன். எஸ்தர் இரண்டு பெண்களுக்கு நைட்டி காட்டிக்கொண்டிருந்தாள்.

“மேல வா. கூப்பிடறாங்க.”

“யாரு கூப்புட்றாங்க? பொம்மையா?”

“நான் கூப்பிடறேன்.”

“நீதானே குடோனுக்குப் போன்னே? இன்னா தப்பு பண்ணேன்னு அன்னிக்கே கேட்டேன். இன்னும் நீ சொல்லலியே.”

அந்த இரண்டு பெண்களும் நைட்டியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் சூப்பர்வைசர், அவள் கம்பியில் துணி மாட்டுகிறவள். திட்டுவதற்கு எனக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. பதினைந்து வருஷம் திட்டியே பழகிய வாய். அன்றைக்கு அதிலிருந்து வேறு ஒன்று வந்தது.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன். வா.”

“சத்தமா சொல்லுக்கா. இங்க ஃபேன் ஓடிக்கினு கீது.”

சத்தமாகச் சொன்னேன். பில் போடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தர் கையில் இருந்த நைட்டியைக் கம்பியில் மாட்டிவிட்டு, அந்தப் பெண்களிடம், “ரெண்டாவது தான் நல்லா கீது, எட்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் படி ஏறினாள்.

மாடியில் ஒரு குடும்பம் அறுபதாம் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க உட்கார்ந்திருந்தது. கட்டப்போகிற அம்மா ஏறக்குறைய என் வயது, என் பருமன். எஸ்தர் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யக்கா, நீ வா. ஏறு மெத்தைல. இவங்களுக்கு என் ஒடம்புல போட்டுக் காட்னா தெரியாது. நீதான் சரி.”

சூப்பர்வைசர்கள் புடவையை மேலே போட்டுக் காட்டுவதில்லை. நான் அதை விட்டு பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தேவகி வாயைப் பொத்திக்கொண்டாள். படிக்கட்டுப் பக்கம் முதலாளி நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன்.

எஸ்தர் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவையைப் பிரித்தாள். என் இடுப்பில் கொசுவத்தைச் செருகிக் கிளிப் போட்டாள். முந்தியை என் தோளில் வீசினாள். “இந்தப் பக்கம் திரும்பு. கையத் தூக்கு. குனியாத” என்றாள். அப்புறம் என்னை மறந்துவிட்டு, பார்டரைப் பற்றியும் ஜரிகையைப் பற்றியும் அந்தக் குடும்பத்தோடு நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். அந்த அம்மா கிட்டே வந்து என் தோளில் இருந்த முந்தியைத் தடவிப் பார்த்தார். நான் கொஞ்சம் அசைந்தேன் போலிருக்கிறது.

“நேரா நில்லுக்கா” என்றாள் எஸ்தர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

நின்றேன். கால் கடுத்தது. அவளாக எடுக்கிறவரை புடவை என் தோளிலேயே இருந்தது.